கிணற்றில் இறங்கும் வாளி

அரபு மொழியில் கையூட்டுக்கு ‘ரிஷ்வத்’ என்று பெயர். மத்ரஸா மாணவர்கள் ஹதீஸ் பாடத்தில் இச்சொல்லை முதன்முதலாகச் சந்திக்கும் நாளில், அதன் வேரையும் உடன் சொல்லிக் கொடுப்பது எங்கள் உஸ்தாதுகளின் வழக்கமாக இருந்தது. கிணற்றில் நீர் இறைக்கும் கயிற்றை அரபிகள் ‘ரிஷா’ என்பர். ரிஷ்வத் என்னும் சொல் அக்கயிற்றிலிருந்தே கிளைத்தது என்று இப்னுல் அஸீர் (ரஹ்) போன்ற சொல்லாராய்ச்சி வல்லார் எழுதியுள்ளனர். எட்டாத ஆழத்து நீரை எட்டச் செய்வது கயிறு. எட்டாத காரியத்தை எட்டச் செய்வது கையூட்டு.

திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 188ஆம் வசனத்திலும் இதே கிணறு உண்டு. பிறர் பொருளை முறைகேடாக உண்பதை விலக்கும் அவ்வசனம், மக்கள் செல்வத்தில் ஒரு பங்கை விழுங்கும் நோக்கத்துடன் அதிகாரம் உடையோரிடம் பொருளைச் சேர்ப்பிப்பதையும் சேர்த்தே விலக்குகின்றது. ‘சேர்ப்பித்தல்’ என்று நாம் பொருள் கொள்ளும் அவ்விடத்து வினைச்சொல் ‘தல்வ்’ என்பதிலிருந்து வந்தது. தல்வ் என்றால் வாளி. வாளியைக் கிணற்றுக்குள் இறக்குதல் என்பதே அவ்வினையின் முதற்பொருள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். வாளியை இறக்குகின்றவன் அதனைக் கிணற்றுக்குத் தானம் செய்வதில்லை. கயிற்றின் மறுநுனி அவன் கையிலேயே இருக்கின்றது.

2024ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி இந்தியத் தேர்தல் ஆணையம் தேர்தல் பத்திரங்களின் பட்டியலை வெளியிட்டது. அதைச் செய்தித்தாளில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கயிறும் வாளியும் நினைவுக்கு வந்தன. அரசியல் பற்றி எழுதுவது என் தொழில் அன்று. ஆனால் பொருள் கொடுத்தலும் வாங்கலும் பற்றிய சட்டம் நான் முப்பது ஆண்டுகளாக நடத்திவரும் பாடம். அந்த உரிமையைக் கொண்டு சில சொல்லத் துணிகின்றேன்.

செல்வர் கட்சிகளுக்குப் பொருள் கொடுப்பது நம் நாட்டில் நேற்று முளைத்ததன்று. 1957ஆம் ஆண்டிலேயே இவ்வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி, அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை அளிக்க ஏதுவாகத் தன் அமைப்பு விதியைத் திருத்த விரும்பியது. வழக்கை விசாரித்தவர் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அவர்கள். சட்டத்தில் தடை இல்லாமையால் அவர் அனுமதி அளித்தார். ஆனால் மனமுவந்து அளிக்கவில்லை. இவ்வழக்கம் வளர்ந்தால் மக்களாட்சியையே நெரித்துவிடும் என்று எச்சரித்து, நாடாளுமன்றம் இதனைக் கவனிக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதிச் சென்றார். சட்டத்தின் கட்டளைக்கும் தம் உள்ளத்தின் அச்சத்துக்கும் இடையில் நின்று இரண்டையும் மறைக்காமல் சொன்ன அந்த நேர்மை இன்று படிக்கும்போதும் மதிக்கத் தக்கதாகவே இருக்கின்றது.

1969இல் கம்பெனி நன்கொடை முற்றாகத் தடை செய்யப்பட்டது. தடை பொருளை நிறுத்தவில்லை. முன்வாசலை அடைத்ததும் அது பின்வாசல் வழியே கணக்கில் வராத பணமாக நுழைந்தது. 1985இல் தடை நீக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், மூன்றாண்டு நிகர இலாபத்தின் சராசரியில் நூற்றுக்கு 7.5 பங்கு வரையே கொடுக்கலாம் என்று வரம்பு கட்டியது. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அவ்வரம்பையும் அகற்றிவிட்டது. அதன்பின் நட்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடுக்கலாம். எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்பதைத் தன் கணக்கில் காட்டவும் வேண்டுவதில்லை. நட்டத்தில் இருப்பவன் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கின்றான், எதற்காகக் கொடுக்கின்றான் என்ற கேள்வி, ஸக்காத்தின் நிஸாபைப் படித்த சிறுவனுக்குக்கூடத் தோன்றியிருக்கும்.

2018 ஜனவரி 2ஆம் நாள் தேர்தல் பத்திரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பாரத ஸ்டேட் வங்கி ஒன்றே பத்திரங்களை விற்கும். ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகள். வாங்குபவர் யார் என்பது வங்கிக்குத் தெரியும். பத்திரத்தில் பெயர் இராது. பதினைந்து நாட்களுக்குள் கட்சி அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் என்பது ஏழையின் பெயரைச் சொல்லி வைத்த அலங்காரமாகவே நின்றது. விற்ற தொகையில் மிகப் பெரும்பகுதி ஒரு கோடிப் பத்திரங்களே. 2018 மார்ச் முதல் 2024 ஜனவரி வரை முப்பது தவணைகளில் விற்றவை ஏறத்தாழ 16,518 கோடி ரூபாய். 2024 பிப்ரவரி 15ஆம் நாள், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் அமர்ந்த ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இத்திட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். வாக்காளர் தகவல் அறியும் உரிமையை இது பறிக்கின்றது என்பது அவர்கள் கூறிய தலையாய காரணம். கம்பெனிகளுக்கு வரம்பை அகற்றியதும் அதே தீர்ப்பில் செல்லாததாயிற்று.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. இரகசியமாகக் கொடுப்பதை நம் மார்க்கம் புகழ்ந்திருக்கின்றதே! தானத்தை வெளிப்படையாகச் செய்வது நன்று, மறைவாக ஏழைகளுக்குச் சேர்ப்பது அதனினும் நன்று என்பது திருமறையின் போதனை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு கொடுத்தவர், வேறு நிழலே இல்லாத மறுமை நாளில் இறைவனின் நிழலில் நிற்கும் எழுவரில் ஒருவர் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அவ்வாறாயின் பெயர் கூறாமல் கட்சிக்குக் கொடுத்தவனை மட்டும் நாம் ஏன் குறை கூறவேண்டும்?

அரசின் தரப்பும் ஏறத்தாழ இவ்விடத்திலேயே நின்று வாதாடியது. கொடுத்தவர் பெயர் வெளிப்பட்டால், அவர் கொடுக்காத கட்சி ஆட்சிக்கு வந்ததும் பழி வாங்கும்; எனவே மறைவு வேண்டும் என்றனர். இதனை வெறும் சாக்கு என்று நான் தள்ளமாட்டேன். எதிர்க்கட்சிக்குக் கொடுத்த வணிகர் கடைக்கு மறுவாரமே அதிகாரிகள் வருவது நம் நாட்டில் எவரும் கேள்விப்படாத செய்தியா என்ன?

ஆனால் மறைவு என்னும் ஒரே சொல்லின்கீழ் இரு வேறு திரைகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஸதக்காவில் தொங்கும் திரை, கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையில் தொங்குகின்றது. முன்னோர் சிலர் உறங்கும் ஏழையின் தலைமாட்டில் பொருளை வைத்துவிட்டுச் சென்றனர். சிலர் இருளில் வாசலில் வைத்துச் சென்றனர் என்று நூல்களில் காண்கின்றோம். அதன் நோக்கம் என்ன? வாங்கியவன் கொடுத்தவனைக் கண்டு கூசக்கூடாது. நன்றிக்கடன் என்னும் கயிறு அவன் கழுத்தில் விழக்கூடாது. கொடுத்தவன் தன் உரிமையையெல்லாம் அவ்விருளில் இழந்துவிடுகின்றான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தானத்தின் இரகசியங்களை ஆராயும்போது இக்கருத்தை மிக நுட்பமாக விரித்துள்ளார்கள்.

தேர்தல் பத்திரத்தின் திரையோ வேறிடத்தில் தொங்கியது. வாங்கிய பத்திரத்தைக் கட்சி அலுவலகத்துக்குத் தானே கொண்டுபோய்க் கையில் கொடுக்கச் செல்வருக்குத் தடை ஏதும் இல்லை. உச்ச நீதிமன்றமும் இதனைச் சுட்டிக்காட்டியது. கொடுத்தவர் அறிவார், வாங்கிய கட்சி அறியும், வங்கி அரசுக்கு உரியதாகையால், ஆள்பவர் விரும்பினால் அறிந்துகொள்ள வழி இருந்தது. பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று பதிக்கப்பட்டிருந்ததைப் புற ஊதாக் கதிரின் துணையால் ஒரு பத்திரிகையாளர் 2018இலேயே கண்டுபிடித்து எழுதினார். அறியாதவர் ஒருவரே; அவர் வாக்குச் சாவடியில் வரிசையில் நின்றவர். அங்கே பெறுபவனின் கண்ணுக்குத் திரை. இங்கே ஊரார் கண்ணுக்குத் திரை. ஒன்று உரிமையை அழிக்கும் மறைவு. மற்றது உரிமையைக் காக்கும் மறைவு. பழிவாங்கலுக்கு அஞ்சிய வணிகரை இத்திரை காத்ததா? ஆள்பவர் இருக்கும் பக்கத்தில்தானே அது ஓட்டையாக இருந்தது!

இனிப் பட்டியலுக்கு வருவோம். அதை அளந்து பார்க்க ஓர் அளவுகோல் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே நமக்குத் தரப்பட்டிருக்கின்றது. அஸ்து குலத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பாரை நபி (ஸல்) அவர்கள் ஸக்காத் வசூலிக்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இப்பங்கு உங்களுக்குரியது, இப்பங்கு எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். நபியவர்கள் அவரிடம் இரகசியமாகப் பேசி முடிக்கவில்லை. மிம்பரில் ஏறினார்கள். அந்த மனிதர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் கூட்டத்தின் முன் கேட்டார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி உள்ளது. அவர் எவருக்காவது சலுகை காட்டினாரா என்ற விசாரணை அங்கே நடக்கவில்லை. கேள்வி ஒன்றே ஒன்று: பதவி இல்லாதபோது இது வந்திருக்குமா?

வெளியான பட்டியல் 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய கணக்கு. அதில் மத்தியில் ஆளும் பாரதீய ஜனதா பெற்றது ஏறத்தாழ 6,060 கோடி. மேற்கு வங்கத்தை ஆண்ட திரிணாமுல் காங்கிரஸ் பெற்றது 1,600 கோடிக்கு மேல். நாடெங்கும் கிளைகள் உள்ள, ஆனால் மத்தியில் ஆட்சியில் இல்லாத காங்கிரஸ் 1,400 கோடியளவு. தெலுங்கானா என்னும் ஒரே மாநிலத்தில் மட்டும் வேரூன்றி, 2023 டிசம்பர் வரை அதை ஆண்ட பாரத் ராஷ்டிர சமிதி 1,200 கோடிக்கு மேல்! ஒரு மாநிலக் கட்சி, தன் தாய் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இத்தொகை அதனைத் தேடி வந்திருக்குமா? விலக்குகளும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். 2021 வரை தமிழகத்தை ஆண்ட அ.இ.அ.தி.மு.க. இவ்வழியில் பெற்றதாகக் காட்டியது ஆறு கோடி ரூபாயளவே. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி இப்பத்திரங்களை ஏற்பதில்லை என்று மறுத்ததோடு, எதிர்த்து வழக்கும் தொடுத்தது. இறைவனை ஏற்காத கொள்கையிலிருந்து வந்தவர்கள் இவ்விஷயத்தில் நம்மில் பலரைவிடப் பேணுதலாக நடந்துகொண்டதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

பட்டியலில் முதலிடத்தில் நின்ற செல்வர் நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனத்தார். அவர்கள் வாங்கியவை 1,368 கோடி ரூபாய்க்கான பத்திரங்கள். அதில் திரிணாமுல் காங்கிரசுக்கும் தி.மு.க.வுக்கும் தலா 500 கோடிக்கு மேல் சென்றது. கொடுத்தவர் பெயரைத் தி.மு.க. ஆணையத்துக்குத் தானே தெரிவித்திருந்தது. அதனைக் குறிப்பிடாமல் விடுவது நீதியாகாது. எனினும் தமிழகத்தில் லாட்டரி 2003ஆம் ஆண்டே தடை செய்யப்பட்டது என்பதையும், அத்தொழிலால் அழிந்த கூலிக் குடும்பங்கள் எத்தனை என்பதையும் அறிந்தவர்களுக்கு, அந்த 500 கோடி எவ்வெவர் மடியிலிருந்து புறப்பட்டது என்ற நினைவு வராமற்போகாது. கேரளத்துக்கும் வங்கத்துக்கும் அது சட்டப்படியான வணிகமே. சட்டம் அனுமதிப்பதெல்லாம் ஹலால் ஆகிவிடுவதில்லை என்பது வேறு பாடம். அதை இங்கே எடுக்கவில்லை.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பார் வழக்கமாகக் கேட்பதொன்றுண்டு. ‘கொடுத்தார்கள், சரி. அதற்காக என்ன செய்து கொடுத்தார்கள் என்று காட்டுங்கள். எந்த உத்தரவு? எந்தக் கோப்பு? காட்ட இயலாவிட்டால் அது நன்கொடைதானே?’ இக்கேள்விக்குச் சட்ட வல்லுநர் சட்டப்படி விடை கூறுவர். நான் என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைக் கூறித்தான் விடையளிக்க முடியும். கூறுவது எனக்குப் பெருமை தருவதன்று.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, பாலாற்றங்கரையிலுள்ள ஓர் ஊரில் மத்ரஸா ஆசிரியனாகவும் ஜும்ஆப் பள்ளியின் கதீபாகவும் இருந்தேன். மாணவர் உணவுச் செலவில் பாதிக்கு மேல் ஒரு தோல் பதனிடும் தொழிலதிபர் ஏற்றிருந்தார். தொழுகை தவறாதவர், பணிவானவர், என்னைக் காணும்போதெல்லாம் ‘ஹஸ்ரத்’ என்று எழுந்து நிற்பார். ஒரு நாளேனும் எதையும் கேட்டதில்லை. அவ்வாண்டு ஊரின் கீழ்ப்பக்கத்துக் கிணறுகளில் நீர் பழுப்பேறி நுரைத்தது. ஒரு மூதாட்டி சொம்பில் அந்நீரை மொண்டுகொண்டு மத்ரஸா வாசலுக்கு வந்து, ‘ஹஸ்ரத், இந்தத் தண்ணியில ஒளு கூடுமா?’ என்று கேட்டார். நீரின் நிறம், மணம், சுவை மாறுவது பற்றிய சட்டத்தை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். ‘வேறு தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா’ என்று சொல்லி அனுப்பினேன்.

அவ்வார ஜும்ஆவுக்கு நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்னும் நபிமொழியை விளக்க எண்ணிக் குறிப்பும் எழுதி வைத்திருந்தேன். மிம்பரில் ஏறினேன். முதல் வரிசையில் அவர் அமர்ந்திருந்தார். நான் பொறுமையின் சிறப்பைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன். தொழுகை முடிந்ததும் அவர் வந்து முஸாபஹா செய்து, ‘நல்ல பயான், ஹஸ்ரத்’ என்றார். அவர் அறிந்து சொன்னவர் அல்லர். அந்தக் குறிப்பு என் சட்டைப் பையில் இருந்தது அவருக்குத் தெரியாது. பேசாதே என்று எவரும் சொல்லவில்லை. பேசியிருந்தால் அவர் கோபித்திருப்பார் என்பதும் நிச்சயம் இல்லை. நாற்பது பிள்ளைகளின் சோறு என் நாவில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத்துத் தோல் ஆலைகள் பற்றித் தீர்ப்பளித்தபோது, அவ்வழக்கைத் தொடுத்தது ஒரு குடிமக்கள் நல மன்றம் என்று படித்தேன். மார்க்கம் படித்த நான் மிம்பரில் சொல்லாததை அவர்கள் மன்றத்தில் சொன்னார்கள்.

எந்தக் கோப்பைக் காட்டி இதனை நிரூபிப்பது? பேசிய பேச்சுக்குச் சாட்சி உண்டு. பேசாமல் விட்டதற்கு எங்கே சாட்சி? செல்வத்தின் ஆதிக்கம் பெரும்பாலும் பேரமாக நடப்பதில்லை. ஒரு கட்சியின் அலுவலக வாடகை, வாகனம், தேர்தல் செலவு எல்லாம் ஒருவரால் நடக்கும்போது, அவருக்குப் பிடிக்காத தீர்மானம் தோற்கடிக்கப்படுவதில்லை. அது கொண்டுவரப்படுவதே இல்லை. கூட்டத்தில் எழுந்து சொல்ல நினைத்தவர் தம் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுகின்றார். இதனால்தான் கொடுத்தவர் பெயரை ஊரார் அறியவேண்டும் என்பது கட்டாயமாகின்றது. முதல் வரிசையில் இருப்பவர் யார், அவர் ஏற்றிருக்கும் செலவு எவ்வளவு என்று அன்று அந்த மூதாட்டிக்குத் தெரிந்திருந்தால், பயானைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம், ‘ஹஸ்ரத் ஏன் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை?’ என்று அவராவது கேட்டிருப்பார்.

ஹனஃபி மத்ஹபின் சட்ட நூலான ஹிதாயாவில், காஜியார் யாரிடம் அன்பளிப்பு வாங்கலாம் என்ற பகுதி உண்டு. நெருங்கிய உறவினரிடமும், பதவிக்கு வருமுன்பே அன்பளிப்பு வழங்கி வந்த பழக்கமுடையவரிடமும் மட்டுமே வாங்கலாம். பின்னவரிடமும் பழைய அளவே, கூடுதல் ஆகாது. ‘கட்சி காஜி அன்றே, அது வெறும் குடிமக்கள் கூட்டம்தானே?’ என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் காஜியின் இருக்கைக்கு எதிரே வாசற்படியில் அமர்ந்து, இன்றோ நாளையோ தன்னை அழைப்பார்கள் என்று காத்திருப்பவனுக்குக் கொடுப்பவன், அவனுடைய வீட்டு உறவுக்காகவா கொடுக்கின்றான்? கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கு ஆப்பிள் உண்ண ஆசை எழுந்தது. உறவினர் ஒருவர் அனுப்பி வைத்தார். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நபியவர்கள் அன்பளிப்பை ஏற்றார்களே என்று அருகிலிருந்தவர் கேட்டதற்கு, அவர்களுக்கு அது அன்பளிப்பாக இருந்தது, நமக்கு அது கையூட்டு என்னும் கருத்தில் விடையளித்தார்கள். பழம் மாறவில்லை, அதைப் பெறுபவரின் இருக்கை மாறிவிட்டது.

கொடுப்பவனையும் வாங்குபவனையும் மட்டுமன்றி, இருவருக்கும் இடையில் நடப்பவனையும் சேர்த்துச் சபித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. அவ்விடைத்தரகனை ‘ராயிஷ்’ என்பர். அம்புக்கு இறகு கட்டுதல் என்னும் வினையோடு அச்சொல் உறவுடையது. இறகு இல்லாத அம்பு நேரே பறக்காது. இக்காலத்தில் செல்வத்துக்கு இறகு கட்டும் கலை மிக வளர்ந்துள்ள நாடு அமெரிக்கா. அங்கே தேர்தலுக்குச் செலவிடுதல் பேச்சுரிமையின் பகுதி என்று 1976இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கருதியது. 2010 ஜனவரியில், கம்பெனிகளும் சங்கங்களும் வேட்பாளரிடம் கையளிக்காமல் தாமே தனித்துச் செலவிடுவதற்கு வரம்பு இல்லை என்று ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. அதன்பின் செல்வர் கட்சிக்குக் கொடுக்கவேண்டிய தேவையே குறைந்துவிட்டது. தாமே கட்சியைப் போன்றதொன்றை வெளியில் கட்டிக்கொண்டனர். எண்ணெய்த் தொழிலால் வளம் பெற்ற கோக் சகோதரர்கள் அமைத்த செல்வர் வலையம், 2016 தேர்தல் சுற்றுக்கு 889 மில்லியன் டாலர் இலக்கு வைத்திருப்பதாக 2015 ஜனவரியில் தன் நன்கொடையாளர்களிடம் அறிவித்தது. வீடு வீடாகச் செல்லும் ஊழியர், கொள்கை எழுதும் ஆய்வகம், பயிற்சிப் பள்ளி என எல்லாம் அதற்கு உண்டு. எதிரணியிலும் 2005இல் செல்வர் கூட்டணியொன்று தோன்றி, தனக்கு உகந்த இயக்கங்களுக்குப் பொருள் வழங்கி வருகின்றது. ஒருபுறம் மட்டும் குற்றம் கூற இயலாது.

அவ்வலையங்களில் உழைப்போர் பலர் உள்ளத் தூய்மையுடையோர் என்பதை நான் மறுக்கவில்லை. வெயிலில் கதவைத் தட்டும் இளைஞன் தன் கொள்கையை நம்பித்தான் தட்டுகின்றான். ஆனால் அவன் எந்தக் கதவைத் தட்டவேண்டும், எதைப் பற்றிப் பேசவேண்டும், எதைப் பற்றிப் பேசக்கூடாது என்று வகுத்த தாள், அவன் அறியாத வேறோர் அறையில் எழுதப்பட்டது. அவனுடைய இக்லாஸ் அவனுக்கு. தாளை எழுதியவனின் கணக்கு வேறு. இயக்கங்களே வேண்டா என்பது என் கருத்தும் அன்று. பத்திரத் திட்டத்தை எதிர்த்து 2017 முதல் வழக்காடியதும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் முதலான இயக்கங்களே அல்லவா!

மார்க்க அறிஞரை விட்டுவிட்டு அரசியலாரை மட்டும் பேசினால் அது முறையாகாது. இஹ்யாவில் ஹலால் ஹராம் பற்றிய நூலில், அரசரின் கொடைகளை ஏற்கும் உலமாக்களைக் குறித்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதியுள்ள பகுதிகளை வகுப்பில் நடத்தும்போது என் குரல் இன்றும் சற்றுத் தாழ்ந்துவிடுகின்றது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கலீஃபா மன்சூர் தந்த காஜிப் பதவியை மறுத்துச் சிறை சென்றார்கள். அவர்களால் மறுக்க முடிந்ததற்கு அவர்களுடைய இறையச்சம் காரணம். கூபாவில் அவர்களுக்குச் சொந்தமாகத் துணி வணிகம் இருந்ததும் ஒரு காரணம் என்று நான் நினைப்பதுண்டு.

அப்படியாயின் கட்சி எதனால் வாழ்வது? சிறு தொகைகளால் வாழலாம் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். எங்கள் ஊர்களில் பிடி அரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை மத்ரஸாவுக்கென்று தனிக் கலத்தில் போட்டு வைப்பர். வெள்ளிக்கிழமைகளில் அது திரட்டப்படும். ஒரு பிடி அரிசி கொடுத்தவள் உஸ்தாதின் நாவை அடக்க முடியாது. வறியோர்க்கல்லாத கொடையெல்லாம் திருப்பி வாங்கும் அளவையே என்பதற்கு வள்ளுவர் ஆண்ட ‘குறியெதிர்ப்பை’ என்னும் சொல், அந்தப் பிடி அரிசிக்குப் பொருந்தாது. ஆயினும் பிடி அரிசியால் எங்கள் மத்ரஸா ஆண்டில் இரண்டு மாதம்தான் நடந்தது. மீதிப் பத்து மாதத்துக்கு அந்தத் தோல் தொழிலதிபர் தேவைப்பட்டார். சிறு தொகை திரட்டுவோரும் குற்றமற்றவர் அல்லர். பல்லாயிரம் பேரிடம் பத்து ரூபாய் வாங்க வேண்டுமென்றால் அவர்களுடைய சினத்தை மூட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று கண்டுகொண்ட பேச்சாளர்கள் எல்லா நாட்டிலும் உளர். அரசே தேர்தல் செலவை ஏற்கலாம் என்போர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் எக்கட்சிக்கு எவ்வளவு என்று பங்கிடும் கை யாருடையது என்று கேட்டால் பதில் தடுமாறுகின்றது.

தீர்ப்புக்குப் பின்னும் வாளிகள் நிற்கவில்லை. 2013இல் வகுக்கப்பட்ட தேர்தல் அறக்கட்டளைகள் வழியே பொருள் செல்கின்றது. யார் அறக்கட்டளைக்குக் கொடுத்தார், அறக்கட்டளை எக்கட்சிக்குக் கொடுத்தது என்பதை ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது நல்லதே. ஆனால் இன்னார் கொடுத்தது இன்ன கட்சிக்கே போயிற்று என்று பிரித்தறிய இயலாதவாறு அங்கே பொருள் கலந்துவிடுகின்றது. இருபதாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடைக்குப் பெயரே தெரிவிக்க வேண்டுவதில்லை. ஒருவர் ஒன்றைப் பலவாக உடைத்துக் கொடுத்தால் தடுப்பார் யார்?

பட்டியல் வெளியான அவ்வாண்டில், இப்போது நான் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவில் இப்னுல் லுத்பிய்யாவின் ஹதீஸைப் பாடம் நடத்தினேன். முடித்தபின் ஒரு மாணவர் எழுந்து, ‘ஹஸ்ரத், நம் மத்ரஸாவுக்குக் கொடுப்பவர்கள் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?’ என்றார். நிர்வாகிகளிடம் பேசினேன். ஒரு முடிவுக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. மறைத்துக் கொடுக்க விரும்புவோர்க்கு வாசலில் பூட்டிய உண்டியல். அதில் யார் எவ்வளவு போட்டார் என்பது எங்களுக்கும் தெரியாது. கையில் கொடுப்போர் பெயரும் தொகையும் வராந்தாச் சுவரில் மாதந்தோறும் எழுதப்படும். சென்ற ரமளானில் பெரியவர் ஒருவர் காசோலை கொண்டு வந்தார். பெரிய தொகை. ‘நீங்கள் அறிந்தால் போதும் ஹஸ்ரத், சுவரில் வேண்டாம்’ என்றார். உண்டியலைக் காட்டி, அதில் பணமாகவே போட்டுவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவர் சற்று நேரம் உண்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யோசித்துச் சொல்கிறேன் என்று சலாம் கூறிவிட்டுப் புறப்பட்டார். இதுவரை வரவில்லை. உண்டியலில் போட்டிருந்தால் எனக்குத் தெரிய வழியில்லை.